அழுத்தம் படும் இடங்கள்

ஜூன் 12, திங்கள்

நரம்பு டாக்டர் கமலநாதன் எழுதச் சொன்னார். எந்தக் கை, எந்தக் கால், எத்தனை மணிக்கு மரத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எப்போது சரியானது. அது போதும், மனதில் தோன்றுவதை எல்லாம் எழுதி என்னைப் படிக்க வைத்துவிடாதீர்கள் என்றார். எனக்கு அதில் சிரமம் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பழுது எங்கே, எவ்வளவு, எத்தனை பீஸில் என்று மட்டும் எழுதிப் பழகியவள்.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பதினோரு நாளாக என்னுடையவை இல்லை. மேஜையில் முழங்கையை ஊன்றி ஒரு மணி நேரம் ஃபோன் பேசியதால் வந்தது. ரத்தத்தை எங்கோ அனுப்பிச் சோதித்துக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். என் நரம்புகளின் மேலுறை சரியாக அமையவில்லை. மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் மரத்துச் சரியாகிற இடத்தில் எனக்கு வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில். லட்சம் பேரில் சிலருக்குத்தான் இப்படி. வியாதியின் பேர் நீளமானது, டாக்டரே நான்கு எழுத்தாகச் சுருக்கித்தான் எழுதினார். மருந்து கிடையாது. அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

இது எனக்கு நான்காம் மாதம். உடம்பு எடை கூடக் கூட, கை கால் வீங்க வீங்க, தொந்தரவும் கூடலாம்.

பரம்பரையாக வருவது, அப்பா அம்மா யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 15, வியாழன்

டாக்டர் கொடுத்த தாளைப் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். சம்மணம் போடக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. குத்தவைத்து உட்காரக் கூடாது. முழங்கை ஊன்றக் கூடாது. பையைக் கையில் தொங்கவிடக் கூடாது, கனமானதை இடுப்பில் வைக்கக் கூடாது. வீட்டு வேலையில் பாதி அந்தத் தாளில் அடிபட்டுப்போனது.

என் கணவர் யுவராஜ் படித்துவிட்டு, “அப்ப மகாராணியாட்ட இருக்கோணும்னு சொல்லு” என்றார். துணி துவைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் நாளே என் வெள்ளைச் சுடிதார் ரோஸ் ஆனது.

உட்பக்கம் ஒட்டியது அத்தை, யுவராஜின் அம்மா, கண்ணில் படாமல் இருக்க. அவரிடம் சத்துக் குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறோம். இன்று முதல் தினமும் முருங்கைக்கீரை.

ஜூன் 19, திங்கள்

இடது கை: சுண்டுவிரல் திரும்பி வந்துவிட்டது. மோதிரவிரல் இன்னும் வரவில்லை. கீரை ஐந்தாவது நாள்.

ஜூன் 25, ஞாயிறு

குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயிற்றில் இருக்கும்போதே ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

“பாத்தரலாமா கோகிலா?” என்றார் யுவராஜ். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“பாத்துட்டு என்ன பண்றதுங்க?”

அவர் தேங்காய் மூடியை ஓடு தெரியும் வரை துருவினார்.

கம்பெனியில் பழுது இருக்கும் இடத்தில் சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். சரிசெய்ய முடிந்தால் டெய்லரிடம் திரும்பப் போகும். முடியாவிட்டால் தனிப் பெட்டி. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பார்ப்பேன், ஒட்டத் தயங்கியதில்லை. சோதனை வேண்டாம் என்று இன்று டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். காரணம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

அம்மா வந்துவிட்டுப் போனாள். காங்கேயம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். பையைக் கையில் பிடிக்கவே மாட்டாள். துண்டில் முடிந்து தோளின் குறுக்கே போட்டுக்கொண்டு, மூட்டை தூக்கி வருகிறவள் போல வருவாள். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்ப்பார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இது சங்கடம்.

என் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அம்மா என்னைத் துவைக்கிற கல்லில் போட்டுவிட்டாள். ஏழு தையல். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். “பெத்தவ கையிலிருந்து கொழந்த நழுவுதுன்னா, அவளுக்கு நெனப்பு எங்க இருந்திருக்கோணும்?” என்பார். அம்மா அடுப்படியில் இருப்பாள். ஒரு நாளும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைத் தூக்கியதே இல்லை. மற்ற அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடப்பார்கள். இவள் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு “வா” என்பாள். நான்தான் போக வேண்டும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். கிளம்பும்போது அம்மா அதைப் பற்றிக் கேட்டாள். இங்கேயே பார்த்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி பக்கம் என்று சொன்னேன். “செரி கண்ணு” என்றாள். வேறு காரணம் உண்டு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, இது நரம்புக்கான நோட்டு.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலை 8.10. வலது கை. காப்பி டம்ளர். தூக்கியதும் விழுந்தது. அத்தை, “ஆடிப்பெருக்கும் அதுவுமா” என்று முணுமுணுத்தபடி துடைத்தார். மாலை 4 மணிக்குப் பிடி திரும்பியது.

ஆகஸ்ட் 19, சனி

குழந்தை நன்றாக உதைக்கிறது. கால்கள் வேலை செய்கின்றன.

செப்டம்பர் 3, ஞாயிறு

வளைகாப்பு. ஏழாம் மாதம். ஐம்பது பேர் வந்தார்கள்.

கிழக்கு பார்த்துப் பலகை போட்டிருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தாளில் முதல் வரியே அதுதான், தெரிந்தேதான் உட்கார்ந்தேன். காரணம் சொல்லப் போனால் வியாதி என்று சொல்ல வேண்டும். வியாதி என்றால் பரம்பரையா என்பார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேர் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம், அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது.

நடுவில் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “சம்பந்தி, ஒரு ஸ்டூல் போட்டுக்கலாமுங்களா? காலத் தொங்கப் போட்டு உக்காரட்டும்.”

“ஸ்டூல்ல உக்காந்து எங்காச்சும் வளைகாப்புப் போடுவாங்களாங்க?” என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

“ரொம்ப நேரம் ஆயிப்போச்சுங்க. காலு...”

“அம்மா, நீ சும்மா இரு” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அவள் முறை வந்தபோது கைக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடி வளையல் போட்டாள். இரண்டு சுற்று பெரியது. கையைத் தாழ்த்தினால் விரல் வரை வழிந்தது. “பெத்த பொண்ணு கையளவு தெரியாம எடுத்துட்டு வந்திருக்கறாங்களே” என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். மற்றவர்கள் போட்டதெல்லாம் சோப்பு நீர் தடவி ஏற்றிய கச்சிதமான வளையல்கள். மணிக்கட்டு மூடிவிட்டது.

எழுந்தேன். வலது பாதம் எழவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

வலது கால். கணுக்காலுக்குக் கீழே முன்பக்கம் தூக்க முடியவில்லை. நடந்தால் பாதம் தரையில் சப்பென்று அடிக்கிறது. செருப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது, நான் மட்டும் உள்ளே வருகிறேன். கைகளில் கட்டைவிரல் பக்கம் எரிச்சல், வளையல் அழுத்திய இடம்.

டாக்டர் திட்டவில்லை, அது திட்டுவதை விட மோசமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் நரம்பு எலும்பை ஒட்டிப் போகிறது, சம்மணம் போட்டதில் நசுங்கியிருக்கிறது என்றார். திரும்பி வர இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகலாம். பாதத்தைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார். கம்பெனிக்கு லீவு.

“அங்க ஒருத்தர் கூடவா ஸ்டூல் போடச் சொல்லலை?” என்று கேட்டார்.

“இவங்க அம்மா சொன்னாங்க” என்றார் யுவராஜ்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லியிருந்தீங்களா?”

இல்லை. அம்மாவிடமும் சத்துக் குறைவு என்றுதான் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். வளையல்களைக் கழற்ற வேண்டும் என்றதும்தான் அவர் அழுதார். வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பார்கள். கடைசியில் அவரே சோப்பு நீர் வைத்து ஒவ்வொன்றாக உருவி, மஞ்சள் துணியில் முடிந்து என் தலையணைக்கு அடியில் வைத்தார். “கழட்டல அம்மிணி, எடம் மாத்தி வெச்சிருக்குது, அவ்வளவுதான்” என்றார். அம்மா போட்ட இரண்டு மட்டும் கையிலேயே இருக்கின்றன. எங்கேயும் அழுத்தவில்லை.

செப்டம்பர் 6, புதன்

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எனக்குச் சம்மணம் போட்டா காலு செத்துப்போயிரும் கண்ணு. உனக்கும் அப்பிடி இருக்குமோன்னு தோணுச்சு.”

“எப்பயிருந்து?”

“கல்யாணத்துக்கு முந்தியே இருக்குது.”

“ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும். சோம்பேறின்னு ஒரு பேரு வெச்சுட்டாங்க, அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் சாக்குன்னுதானே சொல்லுவாங்க.”

ஃபோனை வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனோம். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு முறையும் கை துள்ளுகிறது. எனக்குச் செய்தபோது நான் கத்தினேன். அம்மா அப்படியே கிடந்தாள், நடுவில் ஒரு தரம், “ஏனுங்க, உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சுங்களே” என்றாள்.

அவளுக்கும் இருக்கிறது. என்னைவிட அதிகமாக. நாற்பது வருடமாவது இருந்திருக்கும் என்றார் டாக்டர். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்.

அம்மா தலைகுனிந்து சொன்னாள். “கொடம் இடுப்புல வெச்சா காலு இழுக்குமுங்க. பை புடிச்சா வெரலு மரத்துரும். எது பண்ணுனா வருதுன்னு பாத்துட்டு, அதைப் பண்றதில்லீங்க. பையத் தோள்ல போட்டுக்குவனுங்க. காலை நீட்டித்தான் உக்காருவனுங்க. எங்க வூட்டுக்காரரு மரியாத தெரியாதவன்னு வைவாரு. வளையல் பெருசா போட்டுக்குவனுங்க.”

“நான் அச்சடிச்சுக் குடுக்கற தாளே இதுதாம்மா” என்றார் டாக்டர்.

அம்மா அதைக் கேட்டு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. வேறெதையோ கேட்க வாய் வராமல் சேலைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பங்க டாக்டரு, கொழந்தையக் கீழ போட்டது... அது என்ற அசட்டையினால இல்லீங்களா?”

டாக்டர் என் புருவத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். “இல்லைம்மா. நீங்க விடலை. கை விட்டுருச்சு.”

அம்மா தலையாட்டினாள். “அதுக்கப்புறம் பயமாப் போச்சுங்க. மத்ததுக்கெல்லாம் ஒரு வழி பண்ணிக்கிட்டனுங்க. கொழந்தைக்கு மட்டும் தெரியல. அதனால தூக்கறதையே உட்டுட்டனுங்க.”

வெளியே வந்து, ஒரு டீ குடிக்கலாமா என்று யுவராஜைக் கேட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். எப்போதும் அப்படித்தான் குடிப்பாள்.

செப்டம்பர் 21, வியாழன்

வலது கால்: மாற்றம் இல்லை.

டாக்டர் படித்தால் படிக்கட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பழுது கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று கம்பெனியில் எனக்குப் பேர். இருபத்தொன்பது வருடம் அம்மாவைப் பார்த்தும், அப்பா ஒட்டிய ஸ்டிக்கரை நம்பிக்கொண்டு இருந்தேன். பிரசவத்துக்கு அங்கே போகாததன் காரணமும் அதுதான். அவள் கையில் என் குழந்தையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

பிரசவத்துக்கு இங்கே வந்து இரு என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ஆசுபத்திரிக்கு வந்து பாத்துட்டுப் போறன் கண்ணு. கூட இருந்தா தூக்கு தூக்கும்பாங்க. வேண்டாம்.”

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு வாயில்லை. இன்று மூன்று கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, குழந்தையை வைப்பது போல இடது கையில் வைத்து நின்று பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். நான்காவது நிமிடம் விரல் நுனிகள் மங்கின. ஆறாவது நிமிடம் முழங்கைக்குக் கீழே கனம் தெரியவில்லை. ஏழாவது நிமிடம் பை தரையில் கிடந்தது. அது நழுவியது எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன்.

அரிசி கட்டிலுக்கு அடியில் எல்லாம் ஓடியிருந்தது. அத்தை முறத்தோடு வந்தார், ஒன்றும் கேட்காமல் கூட்டி அள்ளினார். நான் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. திருப்பூரே ஊருக்குப் போய்விட்டது, ரோடெல்லாம் காலி. காலை எண்ணெய் தேய்க்கும்போது வலது பெருவிரல் தானாக மேலே எழுந்தது. யுவராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடியும் எழுப்பச் சொன்னார், எழுந்தது. பட்டாசு வெடித்தவர்கள் யாருக்கும் இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

நவம்பர் 23, வியாழன்

செவ்வாய் காலை 11.20. பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை யுவராஜ் பிரசவ அறையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரே கையில் திரும்பத் திரும்ப பிரஷர் பார்க்கக் கூடாது. காலை மடக்கிப் பிடித்து வைக்கக் கூடாது. கால்மணிக்கு ஒரு தரம் படுக்கை மாற்ற வேண்டும். ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டு, அடிக்கும்போதெல்லாம் என்னைப் புரட்டினார். “உங்க வூட்டுக்காரரு தோசையாட்ட திருப்பறாரு” என்றார் நர்ஸ் அக்கா. அந்த வலியிலும் சிரித்தேன்.

கை கால் எதுவும் மரக்கவில்லை. வளையல் இரண்டையும் அந்த நர்ஸ் அக்காவுக்குக் கொடுத்துவிட்டோம். அது வழக்கம்.

பால் கொடுப்பது படுத்தபடி. மற்ற நேரம் அத்தை எடுத்துக் கொடுக்கிறார், யுவராஜ் வாங்கி வைக்கிறார். பெற்று மூன்று நாளாகியும் நான் அவளை நின்றுகொண்டு தூக்கவில்லை.

நவம்பர் 25, சனி

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தோளின் குறுக்கே துண்டு மூட்டை. அறை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வாங்க சம்பந்தி” என்று அத்தை குழந்தையை நீட்டினார்.

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். “வேண்டாமுங்க. நீங்களே வெச்சிருங்க. நான் பாத்துக்கறன்.”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்.

“அம்மா, கீழ உக்காரு. சொவத்துல சாஞ்சு காலை நீட்டிக்க” என்றேன்.

“கண்ணு...”

“உக்காரும்மா.”

உட்கார்ந்தாள். நான் கட்டிலை விட்டு இறங்கினேன். பச்சை உடம்போடு தரையில் உட்காராதே என்று அத்தை சத்தம் போட்டார். அவர் மடித்துப் போட்ட போர்வையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து நானும் காலை நீட்டினேன். வலது பாதம் நேராக நின்றது. குழந்தையை அம்மாவின் மடியில் வைக்கச் சொன்னேன்.

அத்தை வைத்தார். அம்மா குழந்தையைப் பிடிக்கவில்லை. இரண்டு தொடைக்கும் நடுவில் சேலை பள்ளமாகியிருந்தது, குழந்தை அதில் பொருந்திக்கொண்டது. அம்மாவின் கைகள் இரண்டு பக்கமும் தரையில் விரித்துக் கிடந்தன. எந்தக் கை மரத்தாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

குழந்தை கொட்டாவி விட்டது. அம்மா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் குழந்தையின் வயிற்றுத் துணியில் விழுந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபிளாஸ்கைக் கழுவப் போனார்.

இவளுக்கு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாது. வளர்ந்ததும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தால், எப்படி உட்கார வேண்டும் என்று காட்ட வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். அவள் கையிலிருந்து எது விழுந்தாலும் என் வீட்டில் யாரும் அதற்குப் பேர் வைக்க மாட்டார்கள்.

ஏழு நிமிடம் வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

“என்னையும் இப்பிடித்தான் வெச்சிருந்தியாம்மா?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் வெச்சிருப்ப?”

அம்மா குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீயா எந்திரிச்சுப் போற வரைக்கும்.”